ஹெஸ்கெத் தெரு வில்ஃப் சொல்லாமல் வைத்த கடைசி வசனம்

இல்லை, வில்ஃப் சொல்லாமல் கொள்ளாமல் போனான் என்பது கலப்படமில்லாத பொய். ஏடா பில்லிங் ரொட்டிக்கடை வரிசையில் நின்றுகொண்டு நாற்பது தடவை சொன்னாலும் அது பொய்தான். குடித்துவிட்டு மேடை ஏறினான் என்பது இரண்டாவது பொய். ஐவி க்ளெக் வீட்டில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டவன், போகிற அன்றைக்குக் கையைக்கூட அசைக்கவில்லை, அவளும் வாசல்வரை வரவில்லை, உள்ளே என்ன ரகளையோ என்பது மூன்றாவது. தெருமுனையில் திரும்பி நின்று ஏடாவைப் பார்த்து மீன் மாதிரி வாயைப் பிளந்து பழித்துவிட்டுப் போனானாம், அது நாலாவது.

கையை அசைக்கவில்லை, சரி. ஐவி வாசலுக்கு வரவில்லை, அதுவும் சரி. வாயைப் பிளந்ததும் உண்மைதான். ஆனால் ஏன் என்று ஏடாவுக்குத் தெரியாது. தெருவில் நின்று பார்த்தால் அவ்வளவுதான் தெரியும். மீதியை இப்போது கேளுங்கள்.

வில்ஃப் ஹார்கிரீவ்ஸ் இங்கிலாந்தின் பிரெஸ்டன் ஊருக்கு வந்தது ஐம்பத்துநாலாம் வருஷம். இருபத்துநாலு வயசு, குச்சி உடம்பு, ஜக்குக் கைப்பிடி மாதிரி இரண்டு காது. அப்பா நெல்சன் ஊரில் நிலக்கரி வண்டி ஓட்டினார், அம்மா தறிக்கூடத்தில் நெய்தாள். மளிகைக் கடையில் பாலாடைக்கட்டி அறுத்துக்கொண்டிருந்தவன், தேவாலயத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் சத்திரக்காரனாக வந்து ஊரையே சிரிக்க வைத்தான், அதோடு நாடகக் கிறுக்குப் பிடித்துக்கொண்டது. பிரெஸ்டனில் கிராஃப்டன் அரங்கில் வாரம் ஒரு நாடகம் போடும் கம்பெனி இருந்தது, அதில் சேர்ந்தான். திங்கட்கிழமை திரை ஏறினால் சனிக்கிழமையோடு அந்த நாடகம் செத்தது, அடுத்த திங்கள் வேறு. காலையில் அடுத்த வாரத்து ஒத்திகை, சாயங்காலம் இந்த வாரத்து ஆட்டம். நடுவில் நாலு மணி டீ நேரத்தில் வசனத்தை மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு ஹெஸ்கெத் தெருவில் இடம் கொடுத்தது ஐவி ஒருத்திதான். புருஷன் ஜோ ரயில் யார்டில் அடிபட்டுப் போன பிறகு இரண்டு அறைகளை அவர்களுக்காக ஒதுக்கினாள். மற்றவர்கள் நாடகக்காரர்கள் என்றால் முகம் சுளிப்பார்கள். ஐவிக்கு அவர்கள் சத்தம் பிடிக்கும். பதினாலு வருஷம் தறிக்கூடத்தில் நின்றவளுக்கு அமைதியான வீடு என்றாலே காதுக்குள் அரிக்கும். ஒரு நடிகை கிளியோடு வந்தாள். அவள் போய் ஆறு மாசம் கழித்தும் பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தக் கிளியின் கெட்ட வார்த்தைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வில்ஃப் ஒரு வாரத்துக்கென்றுதான் பெட்டியை இறக்கினான். இரண்டாம் நாள் டீ மேசையில் வசனப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினான்.

"மிசஸ் க்ளெக், இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா? நான் எங்கேயாவது தப்பினா சொல்லுங்க."

ஐவி ஏப்ரனில் கையைத் துடைத்தாள். கையில் துடைக்க ஒன்றும் இல்லை, இருந்தும் துடைத்தாள். "என் கண்ணாடி மாடியில இருக்கு. மொதல்ல நீயே எல்லார் பங்கையும் ஒருதரம் சத்தமா படிச்சிடு, கதை புரியணுமில்ல."

அவன் படித்தான். அவள் கேட்டாள். அப்புறம் புத்தகத்தை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். அவன் வசனம் சொல்லச் சொல்ல, அவள் மற்றவர்களின் பங்கை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். "இங்க 'ஒருவேளை'ன்னு ஒண்ணு இருந்துது, விட்டுட்டே" என்றுகூடச் சொன்னாள். வில்ஃப் அசந்துபோனான். மூன்றாம் நாள்தான் கவனித்தான்: அவன் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் அவள் ஒரு பக்கத்தைப் புரட்டுகிறாள், புத்தகமோ தலைகீழாக இருக்கிறது.

"எந்தப் பக்கத்துல இருக்கோம், மிசஸ் க்ளெக்?"

"போன பக்கத்துக்கு அடுத்த பக்கத்துல."

வில்ஃப் டீயைக் குடித்தான். "ஆமா, சரியான பக்கம்தான்" என்றான். அதோடு விட்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை. அவளும் தம்பி தங்கைகள் ஏழு பேரைத் தூக்கி வளர்த்ததில் பள்ளிக்கூடத்துப் பின்பெஞ்சுக்கு அப்பால் போகாத கதையைச் சொல்லவில்லை. அவன் வேறு வீடும் தேடவில்லை.

நாடகக்காரர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஒத்திகையில் நாடகத்தின் கடைசி வசனத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். முதல் ஆட்டத்தன்று, ஜனங்கள் முன்னால்தான் அது வெளியே வரவேண்டும். முன்கூட்டிச் சொன்னால் நாடகம் முடிந்துபோய்விடும், முடிந்த நாடகத்துக்கு ஆட்டம் ஏது என்பார்கள். அதனால் சமையலறையிலும் வில்ஃப் கடைசி வசனம் வந்ததும் டீக்கரண்டியால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்திவிடுவான். ஐவிக்கு ஒவ்வொரு நாடகமும் முழுசாகத் தெரியும், அந்த ஒரு வரி தவிர. அதைக் கேட்கத் திங்கட்கிழமை தோறும் கோட்டை மாட்டிக்கொண்டு கிராஃப்டனுக்குப் போவாள். மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலி அவளுடையது. கடைசி வரி வந்ததும் "ஓ, இதுக்குத்தானா இவ்வளவும்" என்பாள், நல்ல நாடகமானாலும் சரி, மட்டமான நாடகமானாலும் சரி.

இன்னொன்றும் உண்டு. மேடை ஏறப் போகிறவனிடம் நல்லபடி அமையட்டும் என்று மட்டும் சொல்லக்கூடாது. கால் ஒடியட்டும் என்று சபிக்கலாம், வாழ்த்தக்கூடாது, வாழ்த்தினால் ஆட்டம் கெட்டுப்போகும் என்பார்கள்.

தறிக்கூடத்துப் பேச்சு தெரியுமே, நூறு தறி அடிக்கிற இடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. பெண்கள் உதட்டை நன்றாக அசைத்துச் சத்தமில்லாமல் பேசுவார்கள், எதிரே இருப்பவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். ஐவிக்கு அது தாய்மொழி மாதிரி. வில்ஃபும் அம்மாவிடம் கற்றிருந்தான். சனிக்கிழமைச் சந்தையில் அந்தக் கோடியில் நின்று அவன் "வெங்காயமும் ஈரலுமா?" என்று உதட்டை அசைப்பான். இந்தக் கோடியிலிருந்து அவள் "மீன். கிடைச்சதைத் தின்னு" என்பாள், ஒரு சத்தமும் இருக்காது. ஏடா கடைக்காரர் மகள், தறியைத் தொட்டதில்லை. இவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பழித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தாள்.

விருந்தாளிகள் கையெழுத்திட்ட நோட்டு ஒன்று ஐவி வீட்டில் இருந்தது. போகிறவர்கள் இரண்டு வரி எழுதிவைப்பார்கள். நீளமாக எழுதியவர்கள் நல்லவர்கள் என்று ஐவி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வில்ஃப் தானாகவே நோட்டை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினான். ஓரிடத்தில் "மெத்தை மேகம் மாதிரி" என்று படித்தான். அவன் காது சிவந்ததை வைத்தே அங்கே வேறு என்னவோ எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுவாரம் அந்த மெத்தையை மாற்றினாள்.

இப்படிப் பதினாலு வருஷம். அறுபத்தெட்டில் மான்செஸ்டர் தொலைக்காட்சிக்காரர்கள் வந்து ஒரு சிரிப்புத் தொடருக்குக் கூப்பிட்டார்கள். ரயில் நிலையத்தில் பயணிகள் தொலைத்த சாமான்களைப் பாதுகாக்கும் அலுவலகம், அதில் குமாஸ்தா டாப்லி, அதுதான் வில்ஃபின் வேஷம். குடையோ பல் செட்டோ, எதைத் தேடிக்கொண்டு யார் வந்தாலும் திருப்பித் தர மனசு வராது. தலையைத் தூக்காமல் "அடையாளம் சொல்லுங்க பார்ப்போம்" என்பான். வாரா வாரம் தவறாமல் வரும் வசனம் அது. ஆனால் வில்ஃப் அதைச் சொல்வதற்கு முன்னால் பெரிய பேரேட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டுவான் பாருங்கள், அந்தப் புரட்டலுக்கே நாடு சிரித்தது.

அதற்கப்புறம் தெருவில் அவனை யார் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? கறிக்கடைக்காரர் பன்றிக்கறித் துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுக்காமல் "அடையாளம் சொல்லுங்க பார்ப்போம்" என்பார். பல் பிடுங்கும் டாக்டரும் சொன்னார், பிடுங்கிய பல்லைக் காட்டி. வில்ஃப் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்கிற மாதிரிச் சிரித்தான். ஏடா அந்த நாளில் "எங்க வில்ஃப்" என்பாள். பெரிய ஆளாகி மாறிவிட்டான் என்கிறார்களே, ஒன்பது வருஷம் அந்தத் தொடர் ஓடியபோதும் அவன் அதே பின்பக்க அறையில்தான் இருந்தான். ஞாயிறு மான்செஸ்டரில் ஆட்கள் முன்னால் படம்பிடிப்பு, திங்கள் காலை ஐவியின் கரியடுப்பைச் சுத்தம் செய்வது அவன்தான்.

ஆனால் ஒரு கெடுதல் நடந்தது, யாருக்கும் தெரியாமல். அந்தப் பேரேட்டுக்குள் அவன் வசனங்கள் எழுதிவைக்கப்பட்டிருந்தன. தப்பினால் மறுபடி எடுப்பார்கள். ஒன்பது வருஷம் பக்கத்தைப் பார்த்துப் படித்துப் படித்து, மனப்பாடம் என்பது அவனுக்குத் துருப்பிடித்துப்போனது. டீ மேசையில் ஐவியிடம் புத்தகம் தள்ளுவதும் குறைந்தது.

எழுபத்தேழில் தொடர் முடிந்தது. கிராஃப்டனில் ஒரு பெரிய நாடகத்துக்கு அழைத்தார்கள். ஊர்ப் பத்திரிகையிலிருந்து ஒருத்தன் வந்து, உங்களுக்கு யார் குரு என்று கேட்டான். வில்ஃப் மனசு நிறைந்து சொன்னான்: என் வீட்டு மிசஸ் க்ளெக், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது, நானூறு நாடகம் தலையில் வைத்திருக்கிறார் என்று. பத்திரிகை அதைப் பெரிய எழுத்தில் போட்டது.

வெள்ளிக்கிழமை ரொட்டிக்கடையில் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். ஏடா பத்திரிகையை ஐவி மூக்குக்கு நேரே நீட்டினாள். "உன்னைப் பத்தித்தான் போட்டிருக்கு ஐவி. இந்தா, நீயே படிச்சுப் பாரேன்."

ஐவி அதை வாங்கி நாலாக மடித்துக் கூடையில் ரொட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அறுபத்தாறு வருஷம் பொத்திவைத்தது அது. ஜோவுக்குக்கூடத் தெரியாது.

"நான் பெருமையாத்தான் சொன்னேன், மிசஸ் க்ளெக்" என்றான் வில்ஃப்.

"பெருமையை உன் பேர்ல சொல்லிக்கிட்டிருக்கலாம்" என்றாள் அவள்.

அதற்கு மேல் சண்டை இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சட்டை இஸ்திரியாகி வந்தது. ஆனால் அவன் வசனப் புத்தகத்தோடு மேசைக்கு வந்தபோது துணி காயப்போட வேண்டும் என்று எழுந்துபோனாள். மழை பெய்துகொண்டிருந்தது. வில்ஃப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான், தனியாகவே படித்தான்.

எழுபத்தெட்டு மார்ச், முதல் ஆட்டம். வீட்டைவிட்டு இறங்குகிறான், ஏடா தன் கேட்டில் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி "நல்ல அதிர்ஷ்டம் வில்ஃப், எல்லாம் நல்லபடி அமையட்டும்" என்று கத்தினாள். அவன் முகம் வெளுத்ததைப் பாக்கி வசூலிக்க வந்த பால்காரர் பார்த்தார். அன்றைக்கு அவன் குடித்தது இரண்டு கப் டீ, ஊற்றியது ஐவி, எண்ணியதும் ஐவி. குடித்திருந்தான் என்கிற கதை அங்கேயே செத்தது.

இரண்டாவது அங்கத்தில், நாடகத்தில் வரும் மகனிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வாய் திறந்தான், ஒன்றும் இல்லை. மேடை மறைவில் வசனப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பெண் அடியெடுத்துக் கொடுத்தாள். மறுபடி கொடுத்தாள். மூன்றாம் தடவை கொடுத்தது மாடி வரிசைக்கே கேட்டது. வில்ஃபின் வலது கை மட்டும் மேசைமேல் தடவித் தடவி, இல்லாத பேரேட்டைத் தேடியது. மேலேயிருந்து ஒருத்தன் "அடையாளம் சொல்லுங்க பார்ப்போம்" என்றான். அரங்கமே சிரித்தது. திரையை இறக்கினார்கள்.

மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலி அன்றைக்குக் காலி. இருபத்துநாலு வருஷத்தில் முதல் தடவை ஐவி போகவில்லை. மறுநாள் காலை கறிக்கடையில் கேள்விப்பட்டாள். வீட்டுக்கு வந்து, அடுப்பு மேல் தண்ணீர் கொதித்து வற்றுகிறவரை நின்றுகொண்டே இருந்தாள்.

அப்புறம் இரண்டு வருஷம் வில்ஃப் மேடைப் பக்கமே போகவில்லை. புதுக்கடைகளுக்கு ரிப்பன் வெட்டினான், அந்த ஒரு வசனத்தைச் சொன்னான், வந்தான். கொல்லையில் லீக் வெங்காயம் வளர்த்தான். முடிவெட்டப் போகக் கிராஃப்டன் வழி இரண்டு நிமிஷம், அவன் கால்வாய் சுற்றி இருபது நிமிஷம் நடந்து போனான். ஐவி அதைப் பார்த்தாள். வாயைத் திறக்க அவளுக்கும் பிடிவாதம் விடவில்லை.

எண்பதாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு கடிதம் வந்தது. வில்ஃப் படித்துவிட்டு அதைக் கணப்புக்கு மேலே கடிகாரத்துக்குப் பின்னால் செருகினான். மூன்று நாள் அங்கேயே இருந்தது.

"அது என்ன கடுதாசி?" என்றாள் ஐவி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு யாரும் ஸ்டாம்பு ஒட்டமாட்டாங்க. படி."

படித்தான். லீட்ஸ் நகரத்துக் கம்பெனி ஒன்று, பன்னிரண்டு ஊர்களில் ஆடப்போகிறது. வேலையிலிருந்து ஓய்வுபெறும் தபால்காரர் வேஷம், இரண்டரை மணி நேரம் மேடையைவிட்டு இறங்கவே முடியாது. வில்ஃபைத் தவிர வேறு யாரையும் யோசிக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

"முடியாதுன்னு எழுதிடப் போறேன். எனக்கு இனிமே வசனம் மண்டையில நிக்காது, மிசஸ் க்ளெக். நடுவுல போயிடும். இன்னொருதரம் போச்சுன்னா அவ்வளவுதான், அப்புறம் சாகிறவரைக்கும் ரிப்பன்தான்."

ஐவி கெட்டிலை வைத்தாள். உருளைக்கிழங்குச் சட்டியைக் கொண்டுவந்து மேசையில் போட்டு உட்கார்ந்தாள். "புத்தகம் வந்திருக்கா?"

"மாடியில இருக்கு."

"கொண்டா. நான் பிடிக்கப் போறதில்ல. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே, இனி எதுக்குத் தலைகீழா பிடிச்சுக் கை வலிக்க உட்காரணும்? நீ படி, நான் கிழங்கு உரிக்கிறேன்."

வில்ஃப் மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறினான். ஐம்பது வயசு ஆள்.

ஆறு வாரம் தினம் நாலு மணிக்கு அது நடந்தது. முதல் வாரம் அவன் தப்பிய இடத்திலெல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தாள். இரண்டாவது வாரம் நிறுத்திவிட்டாள். ஒரு நாள், மேடையில் போன அதே மாதிரி, பாதி வாக்கியத்தில் போய்விட்டது. அவன் கை மேசைமேல் தடவ ஆரம்பித்தது. ஐவி தலையைத் தூக்கவில்லை. ஒரு கிழங்கை உரித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"சொல்லுங்களேன்" என்றான்.

அவளுக்கு அது நாக்கு நுனியில் இருந்தது, விழுங்கிக்கொண்டாள். மூன்றாவது கிழங்கில் பாதி உரித்திருப்பாள், வசனம் தானாக வந்தது, வந்த வேகத்தில் அடுத்ததையும் இழுத்துக்கொண்டு வந்தது. வில்ஃப் நிறுத்தாமல் அங்கம் முடியப் போனான். கடைசியில் டீக்கரண்டியை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினான்.

"இரண்டரைக் கிழங்கு" என்றாள் ஐவி. "அங்க ஜனங்க அவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருப்பாங்க. டிக்கெட் வாங்கிட்டாங்கல்ல, எங்கே போவாங்க?"

ஏப்ரல் மாசம், ஞாயிற்றுக்கிழமை காலை. மறுநாள் லீட்ஸில் முதல் ஆட்டம். முட்டையும் இரத்தப் புட்டும் வறுத்து வைத்தாள். சாப்பிட்டு முடித்து நாடகத்தை ஒரு தரம் முழுசும் ஓட்டினார்கள், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. டீக்கரண்டியால் இரண்டு தட்டு. அப்புறம் அவன் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்துக் கடிகாரத்துக்குப் பின்னால், அந்தக் கடிதம் இருந்த அதே இடத்தில் வைத்தான். நாளைய டிக்கெட், மூன்றாவது வரிசை ஓரம். அதன் பின்பக்கம் எழுத்து ஒன்றும் இல்லை, ஒரு கடிகார முகம் வரைந்திருந்தான், முள் இரண்டும் அவள் ஏறவேண்டிய ரயில் கிளம்பும் நேரத்தில்.

"வாசலுக்கு நான் வரமாட்டேன்" என்றாள் ஐவி. "வந்தா வாய் சும்மா இருக்காது. ஏதாவது நல்லதா சொல்லித் தொலைச்சுடுவேன்."

"நானும் திரும்பிப் பார்த்துக் கையெல்லாம் ஆட்டமாட்டேன்."

"போய்த் தொலை."

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினான். தேவாலய மணி அடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. தொப்பி வைத்துக்கொண்டு ஏடா வெளியே வந்தாள், அவனையும் பெட்டியையும் பார்த்தாள், வாயைத் திறந்து "வில்ஃப்" என்றாள். அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியாதா? அந்த வாழ்த்து காதில் விழுவதற்குள் தெருமுனையை எட்டியாக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு கிட்டத்தட்ட ஓடினான். இதைத்தான் சொல்லாமல் கொள்ளாமல் போனான் என்கிறாள் ஏடா.

முனையில் சிவப்புத் தபால் பெட்டி. அங்கே நின்று மூச்சு வாங்கினான். கையைத் தூக்கவில்லை. தெருநடுவில் வந்து நின்ற ஏடாவின் தலைக்கு மேலே, ஐவியின் மாடி ஜன்னலைப் பார்த்து வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் உதட்டை வளைத்து, சத்தமில்லாமல் சொன்னான்:

"கடைசி வரிக்கு வந்துடுங்க."

கண்ணாடிக்குப் பின்னால், ஏப்ரனோடு நின்றிருந்த ஐவி அதே பேச்சில் பதில் சொன்னாள். "வரேன். வாயை மூடிட்டுப் போ, குளிர் உள்ளே போகுது."

வில்ஃப் வாயை மூடினான். பெட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு முனை திரும்பினான்.